டிப்ஸ்டிக் சார்

1961-இல் நிறுவப்பட்ட கனரக ஊர்தித் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஆவடியிலும், தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற அம்பத்தூரிலும், பணி ஓய்வுபெற்ற ஒருவகை மனிதர் தெருவுக்கு ஒருவராவது காணப்படுகிறார். அவர் காதில் விழாத தூரத்தில் அக்கம்பக்கத்தார் அவருக்கு வழங்கும் பெயர் 'டிப்ஸ்டிக் சார்' என்பதாகும். டிப்ஸ்டிக் என்பது இன்ஜினில் ஆயில் எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் மெல்லிய உலோகக் கம்பி. அதன் நுனியிலுள்ள இரு குறிகளுக்கு நடுவே ஆயில் தடம் நின்றால் கவலையில்லை என்பது பொருள்.

இவரிடம் இருப்பது பெரும்பாலும், 1983-இல் அறிமுகமாகி 2014-இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 ஆகும். அத்தொழிற்சாலையில் நாற்பது டன் டாங்கிகளைச் சரிபார்த்துப் பழகிய கண்கள், இப்போது 796 சிசியும் மூன்று சிலிண்டரும் மட்டுமே கொண்ட ஒரு சின்னஞ்சிறு இன்ஜின்மேல் முழுமூச்சாகத் திரும்பியிருப்பதால், போர்முனைக்குப் புறப்படும் ஊர்திக்குரிய பரிசோதனை அதற்கு நாள்தோறும் நடைபெறுகிறது.

பால் பாக்கெட் வந்த கையோடு, வெளுத்துப்போன வண்டிக் கவரை நான்காக மடித்து வைத்து, பானெட்டைத் திறந்து, மெக்கானிக் கடைகளில் 'பனியன் வேஸ்ட்' என்று வழங்கும் கழிவுத்துணியால் கம்பியைத் துடைத்து, மீண்டும் செருகி உருவி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுநோக்கும் அவர், நேற்றிருந்த அளவே இன்றும் இருக்கக் கண்டு "ம்" என்கிறார். வண்டி நேற்று வாசலைத் தாண்டவில்லை, ஆயில் எப்படிக் குறையும் என்று சமையலறையிலிருந்து எழும் கேள்வி, வண்டிக்கென வைத்திருக்கும் நோட்டில் ஏற்றத்தக்க தகவலாக அவரால் கருதப்படுவதில்லை.

அந்த நோட்டு தனி ஆய்வுக்குரியது. சர்வீஸ் என்பது இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது செய்யப்பட வேண்டியது. இவர் நோட்டிலோ கிலோமீட்டர் ஒருமுறைகூட முந்தியதாகப் பதிவில்லை. திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு எப்போதாவது ஒருமுறை செல்வதோடு வண்டியின் உலகம் முடிந்துவிடுகிறது, சி.டி.எச். ரோட்டில் ஷேர் ஆட்டோ உரசிவிடும் என்ற அச்சத்தால் மற்றப் பயணங்கள் யாவும் மின்சார ரயிலிலேயே நிகழ்கின்றன. அவ்வண்டிக்கான ஃபேன் பெல்ட்டை வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவதும், சென்ட்ரலில் இறங்கிப் பஸ் பிடித்துத்தான். ஆயுதபூஜையன்று நான்கு சக்கரங்களுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் சடங்கும் "ஓட்டம்: ஒன்றரை அடி" என்று முறையாகப் பதிவாகிறது, எலுமிச்சைப் புளிப்பு டயர் ரப்பருக்கு ஆகாது என்று அவர் கருதுவதால், பொரிகடலை வழங்குமுன் சக்கரங்கள் கழுவப்படுகின்றன.

இத்தனை பணிவிடைக்குப் பின்னும் வண்டி நோய்வாய்ப்படுவதற்குக் காரணம் எளியது. ஓடாத வண்டியில் பேட்டரி தானாகவே சார்ஜ் இழக்கிறது. ஒரே இடத்தில் எடை தாங்கும் டயர் அங்கே தட்டையாகிறது. சற்றுத் தூரமே ஓடினால் இன்ஜின் போதிய அளவு சூடேறாமல், ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. அம்பத்தூர் ஓ.டி. பக்கத்து மெக்கானிக்குகள் இதற்குச் சொல்லும் மருந்து ஒன்றே: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். வாரத்துக்கு ஒருவாட்டி பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, போதும்."

மெக்கானிக் சொல்லைத் தட்டும் பழக்கம் டிப்ஸ்டிக் சாரிடம் கிடையாது. வீடு திரும்பியதும் நோட்டைத் திறந்து, செய்ய வேண்டிய பணிகளின் பத்தியில் "ஓட்டம் – பூந்தமல்லி" என்று அடிக்கோடிட்டு எழுதுகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளக்காடான காட்சி நினைவுக்கு வரவே, பக்கத்துக் கட்டத்தில் "மழைக்காலம் முடிந்தபின்" என்று சேர்க்கிறார். எழுதும்போது வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கிறது.