ஒத்த ஆட்டைப் புடிக்கச் சொன்னா

ஏலே பேராண்டி, மூணு ராத்திரியா லேப்டாப்பை மொறைச்சுக்கிட்டு இருக்கியே, அந்த வெப் பக்கத்துலருந்து கோயில் கொடைப் படம் எத்தனை தேறிச்சு? ஒண்ணா! அதுவும் படமில்லையா? சரிதான்.

எனக்கென்னலே தெரியும், பனங்காட்டுக் கெழவன். நீ போன்ல கத்துறதைக் கேட்டுக் கத்துக்கிட்டதுதான். இமேஜ் டேக்கைக் கண்டதும் படத்தோட விலாசம் இருக்க எஸ்ஆர்சியைத் தேடு, மேற்கோள்குறிக்குள்ள இருக்கதை அள்ளுன்னு, எழுத்துக் கோலத்தைத் தேடுற ரெஜெக்ஸ் எழுதியிருக்கே. அள்ளுறதுக்கு ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம். 1950-கள்ல கணக்கு போட்ட ஸ்டீபன் கிளேனி பேராலே வழங்குற நட்சத்திரம்லா அது! பேராசை புடிச்சது. பக்கம் பூரா ஒத்த வரியாக் கெடந்துச்சா, மொத மேற்கோள்குறியில தொடங்கி கடைசிக் குறிக்குப் போய்த்தான் நின்னுருக்கு. ஒத்த ஆட்டைப் புடிடான்னா, மந்தையோட காவநாயையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்கு.

நட்சத்திரத்துக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி போடு, சோம்பேறியாகி மொதக் குறியிலயே உக்காந்துரும். சோம்பேறித்தனத்தால நடக்குற நல்ல காரியம் இது ஒண்ணுதான்லே, அதுக்காக நீ காலையில எட்டு மணி வரைக்கும் தூங்காதே.

அதோட முடிஞ்சுதா? ஒருத்தன் ஒத்தை மேற்கோள் போடுவான், ஒருத்தன் குறியே போடமாட்டான். படத்துக்கு விளக்கம் எழுதுற ஆல்ட்ல ஒரு அம்புக்குறி கெடந்தா, டேக் முடிஞ்சு போச்சுன்னு உன் வலை கரையேறிரும். கமெண்டுக்குள்ள பொதைச்ச பழைய படத்தையும் தோண்டி எடுத்துட்டு வரும், செத்தவன் பேருல ஓட்டுப் போட்ட கணக்கா.

உன் கூட்டாளி ஒருத்தன் பியூட்டிஃபுல் சூப்னு சொன்னானே. நான் ஆட்டுக்கால் சூப்புன்னு நெனச்சு சொம்பைத் தூக்கிட்டு வந்தேன், அது வேற கதை. இந்த சூப் 2004-ல லியோனார்ட் ரிச்சர்ட்சன் பைத்தானுக்குச் செஞ்சு விட்டதாம். பக்கத்தைக் கெளையும் இலையுமா மரமாக்கி வச்சிருது. இமேஜ்னு கேட்டா இமேஜ், எஸ்ஆர்சின்னு கேட்டா எஸ்ஆர்சி. அதுலயும், எஸ்ஆர்சியில வெத்துப் படத்தை உக்கார வச்சிட்டு அசலை டேட்டா-எஸ்ஆர்சியில ஒளிக்கிற களவாணி உண்டு. அவனை நீதான் பேர் சொல்லிக் கூப்பிடணும். விலாசத்தை அரைகுறையா எழுதி வச்சிருந்தா ஊர்ப்பேரையும் நீதான் சேக்கணும்.

நீயே எழுதுன பக்கம், எல்லா வரியும் ஒரே அச்சுன்னா ரெஜெக்ஸ் போதும், நான் ஏன் குறுக்கே வாரேன்? இது நாலு பேரு நாலு விதமா ஏத்துன கொடைப் பக்கம்லா.

மொகத்தைத் தூக்காதேலே. சூப்பை எறக்கு சீக்கிரம். நான் மொளப்பாரி எடுத்த பொம்பளையளுக்கு நடுவுல நின்னு ஆடுன படம் இருக்காம். உங்க ஆச்சி பாக்குறதுக்குள்ள அதைக் காணாமப் பண்ணணும்.