எந்தப் பிள்ளையார்குப்பம்?

ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் இன்னொரு கணத்திலிருந்து ஓர் உறுப்பை, அதுவும் ஒன்றே ஒன்றை, இணைத்துத் தரும் விதியைக் கணிதம் சார்பு என்கிறது. அவ்விதிக்குள் நுழையத் தகுதி பெற்றவற்றின் கணம் மதிப்பகம். விடை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்ட கணம் துணை மதிப்பகம். விடையாக உண்மையிலேயே கிடைத்தவற்றின் கணம் வீச்சகம். தேர்தல் அறிக்கைகளை வாசித்துப் பழகிய வாக்காளருக்குப் பின்னிரண்டின் வேறுபாட்டை விளக்கத் தனி ஆசிரியர் தேவையில்லை. சார்புக்கு வாய்பாடு ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பதில்லை, உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை இருந்தால் போதும் என்ற பார்வையை ஜெர்மானியக் கணிதர் டிரிக்லே 1837ஆம் ஆண்டில் முன்வைத்தமையால், வாய்பாட்டுக்குள் அடங்காத புதுச்சேரிக் கிராமப்புறமும் இவ்வாராய்ச்சிக்குள் வந்துவிடுகிறது.

கிராமத்தைக் கொடுத்தால் அதன் பெயரைத் தரும் விதி சார்புதான். பெயரைக் கொடுத்தால் கிராமத்தைத் தரும் விதி அத்தகையதன்று. பாகூர் கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவில் கடலூர் சாலையோரம் மருத்துவக் கல்லூரியோடு ஒரு பிள்ளையார்குப்பமும், வில்லியனூர் கொம்யூனில் மற்றொரு பிள்ளையார்குப்பமும் இருப்பதால், பேருந்தில் ஏறி ஊர்ப்பெயரை மட்டும் சொல்லிச் சில்லறையை நீட்டும் பயணி கணிதப்படி, ஓர் உள்ளீட்டுக்குப் பல விடைகளை அனுமதிக்கும் வெறும் உறவை மட்டுமே அறிவித்தவராகிறார். "எந்தப் பிள்ளையார்குப்பம்?" என்று கேட்கும் நடத்துநர், ஊர்ப்பெயரும் கொம்யூனும் சேர்ந்த வரிசைச் சோடியை உள்ளீடாகப் பெற்று, அந்த உறவைச் சார்பாக உயர்த்திய பிறகே பயணச்சீட்டைக் கிழிக்கிறார். அஞ்சல் குறியீட்டு எண் உதவிக்கு வரும் என்று நம்புவதற்கும் இடமில்லை. பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தின் எண் கடலூரைப் போல 607 என்று தொடங்க, தமிழ்நாட்டு விழுப்புரத்தின் எண்ணோ புதுச்சேரியைப் போல 605 என்று தொடங்குவதால், முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு ஆட்சிப்பகுதியைக் காணும் விதியும் சார்பாகத் தேறுவதில்லை.

நிர்வாகம் அமைத்த சார்புகளில் புகழத்தக்கது பள்ளிப் பாடத்திட்டம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு பகுதிகள் மதிப்பகமாகவும், இந்தியப் பள்ளிப் பாடத்திட்டங்கள் அனைத்தும் துணை மதிப்பகமாகவும் இருக்க, முதலிரண்டும் தமிழ்நாட்டையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றியதால் வீச்சகத்தில் மூன்றே உறுப்புகள் இருந்தன. இரு பகுதிகளுக்கு ஒரே விடை அமைந்ததால் இது ஒன்றுக்கொன்றான சார்பன்று. காஷ்மீர் முதலியவை எவர்க்கும் விடையாகாமல் எஞ்சியதால் மேல் சார்புமன்று. 2023–24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு மாறத் தொடங்கியபோது, எதை உள்ளிட்டாலும் ஒரே விடை தரும் மாறிலிச் சார்பு உருவாகி, வீச்சகம் காணும் வேலை அதிகாரிகளுக்கு மிக எளிதாயிற்று.

மாணவருக்கு அந்த எளிமை வாய்க்கவில்லை. ஓர் எண்ணின் வர்க்கத்தை 9இலிருந்து கழித்து மீதிக்கு வர்க்கமூலம் காணும் சார்பை எடுத்துக்கொண்டால், மீதி குறை எண்ணாகக் கூடாது என்பதால் மதிப்பகம் −3 முதல் 3 வரை என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். வீச்சகமோ விடையிலிருந்து கேள்விக்குப் பின்னோக்கி நடப்பவருக்கே அகப்படும். விடை 2 ஆக வேண்டுமானால் உள்ளிட்ட எண்ணின் வர்க்கம் 5 ஆக வேண்டும், அத்தகைய எண் உண்டு. விடை 4 ஆக வேண்டுமானால் வர்க்கம் −7 ஆக வேண்டும், மெய்யெண்களில் அப்படியொன்று இல்லை. இவ்வாறு சோதித்தால் வீச்சகம் 0 முதல் 3 வரை என்று கிடைக்கும். மதிப்பகத்தை அப்படியே பார்த்தெழுதி, வீச்சகத்தையும் −3இல் தொடங்குவோர் உண்டு. 9இன் வர்க்கமூலங்கள் 3, −3 என இரண்டாயினும், மூலக்குறி குறையல்லாத மூலத்தை மட்டுமே சுட்டும் என்று கணிதர் வரையறுத்தது, நடத்துநரின் கேள்வியை முன்கூட்டியே கேட்டு முடித்துவிட்ட ஏற்பாடாகும். தேர்வை நடத்தும் வாரியம் எதுவாயினும், மெய்யெண்களுக்குள் −7க்கு வர்க்கமூலம் வழங்கும் சலுகை யூனியன் பிரதேசத்துக்கும் கிடையாது.