நாலாவது பத்தி

ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை இரண்டே வாரத்தில் சொல்லிவிடக்கூடியவர்கள் இரண்டு பேர்: கைரேகைக்காரர், வளர்ச்சி ஆலோசகர். கைரேகைக்காரர் கையையாவது பார்ப்பார்.

ஆலோசகர் அடிஸ் அபாபாவில் இறங்கியதும் அமைச்சகத்தோடு "இரண்டு மணிக்கு" கூட்டம் என்று முடிவாகும். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவார். எத்தியோப்பியாவில் பகல் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அவர்களுடைய இரண்டு மணி நமக்கு எட்டு. அதிகாரி வந்து, காத்திருந்து, போயிருப்பார். பயண அறிக்கையில் "நேர மேலாண்மையில் திறன் குறைபாடு" என்று ஒரு வரி ஏறும். யாருடைய குறைபாடு என்று அதில் இராது.

அவருடைய ஆயுதம் லாக்ஃபிரேம். 1969-ல் அமெரிக்காவின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டுக்காக லியோன் ரோசன்பெர்க் உருவாக்கிய அட்டவணை. நாலு பத்திகள்: என்ன செய்யப்போகிறோம், எதை வைத்து அளப்போம், ஆதாரம் எங்கே, கடைசியில் அனுமானங்கள். முதல் மூன்றுக்கும் கண்விழிப்பார். நாலாவதை விமான நிலையம் போகும் வழியில் காரிலேயே நிரப்பிவிடுவார்: அமைதி நிலவும், சந்தை திறந்திருக்கும், ஆட்கள் வேலைக்கு வருவார்கள்.

2016-ல் உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் எல்லாம் கூடி எத்தியோப்பியாவுக்கு வேலைவாய்ப்பு ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தன. சுமார் 50 கோடி டாலர்; தொழிற்பூங்காக்களில் ஒரு லட்சம் வேலை; அதில் 30,000 அகதிகளுக்கு. அகதிகளில் பெரும்பாலோர் இருந்தது தூரத்து எல்லை முகாம்களில். ஹவாசா நகரில் அதே ஆண்டு திறந்த பூங்காவின் இலக்கு 60,000 வேலை. ஆடைத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளமோ 2019-ல் மாதம் சுமார் 26 டாலர். தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் அப்போது இருக்கவில்லை. பிழைப்புத் தேடி வந்த பெண்கள் பலர் வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பினார்கள்.

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டீஃபன் டெர்கான் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் எத்தியோப்பியாவில் ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்த சுமார் ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்தார்கள். வேலையில் சேர்ந்தவர்களில் 77 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் விலகியிருந்தார்கள். இந்த டெர்கான், ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது, பணம் போட்ட பிரிட்டனின் வளர்ச்சித் துறைக்கே தலைமைப் பொருளாதார நிபுணர்! நம் ஆலோசகரைக் கேட்டால் மருந்து ஒன்றுதான்: பயிற்சிப் பட்டறை. சம்பளம் அவருடைய எந்தப் பத்தியிலும் வராது.

2020 நவம்பரில் நாட்டின் வடக்கே டிக்ரேயில் போர் மூண்டது. ஓராண்டு கழித்து, ஹவாசாவின் நட்சத்திர முதலீட்டாளரான பிவிஎச் என்ற ஆடை நிறுவனம் தன் ஆலையை மூடியது. 2022 ஜனவரி 1-ல் அமெரிக்கா எத்தியோப்பியப் பொருள்களுக்குத் தந்திருந்த தீர்வையில்லாச் சலுகையை ரத்து செய்தது. இலக்குப் பத்தியில் எண்கள் அசையாமல் இருக்க, அனுமானப் பத்தியில் வரிக்கு வரி அடி.

மதிப்பீட்டுக்கு வந்த ஆலோசகர் கலங்கவில்லை. "இதெல்லாம் நடக்கக்கூடும் என்று நாலாவது பத்தியிலேயே கோடி காட்டியிருக்கிறேன்" என்று விரலை வைத்துக் காட்டுவார். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துவிட்டு, இந்தப் பத்தி எழுதிய நாளுக்கும் தினப்படி உண்டா என்று விசாரிப்பார்.

உண்டு.