ஆடியோ ஆசாமி

பாட்டு கேட்பவர் எல்லாரும் ஆடியோ ஆசாமி ஆகிவிட மாட்டார்கள். சாதாரண ரசிகருக்குப் பாட்டு காதில் விழுந்தால் போதும். டீக்கடை ரேடியோவானாலும் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் தொங்கும் ஸ்பீக்கரானாலும் கூடவே முணுமுணுப்பார். ஆடியோ ஆசாமி முணுமுணுப்பதில்லை. கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி யாரோ தாளம் தட்டுவதைக் கண்டுபிடித்து, “கேட்டீங்களா சார்?” என்பார். பாட்டின் வழியாக அவர் கேட்பது ஆம்ப்ளிஃபயரை. சென்னையில் இவரைச் சனிக்கிழமை மாலைகளில் ரிச்சி தெருவில், கையில் ஒயர்ச்சுருளும் முகத்தில் சந்தேகமுமாகக் காணலாம். பெரும்பாலும் ஆண், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்.

இவர்களில் ஐந்து வகை உண்டு. மூத்த வகை இசைத்தட்டுக்காரர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி.யை ஓரத்தை மட்டும் தொட்டு உறையிலிருந்து எடுப்பார். பள்ளத்தில் அடுத்தவர் விரல் பட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. 1985-இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்ததைக் குடும்பத்தில் நடந்த துக்கமாகவே இன்றும் சொல்வார். முதல் நாள் பார்த்து, விலை படியாமல் விட்டு வந்த தட்டு ஒன்று இவர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே எரிந்திருக்கிறது. இரண்டாமவர் கேசட்காரர். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிட டேப்பில் பக்கத்துக்கு 45 நிமிடம் என்று கணக்குப் பார்த்து நிரப்பிய தலைமுறை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பதும், சின்ன ஸ்க்ரூடிரைவரால் ஹெட் திருகைக் கால் சுற்று திருப்பி அடுத்தவர் டெக்கைக் கெடுப்பதும் இவர் கைவரிசை.

மூன்றாமவர் சால்டரிங் பேர்வழி. கடையில் ரெடிமேடாக விற்பது எதுவும் உருப்படாது என்பது இவர் கொள்கை. போர்டு, டிரான்ஸ்பார்மர், ஒரு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர் வாங்கி வந்து இவரே செய்யும் ஆம்ப்ளிஃபயருக்கு மூடி கிடையாது. நாளைக்கே ஒரு கெபாசிட்டரை மாற்ற வேண்டியிருக்கும். நாலாமவர் கம்ப்யூட்டர்காரர். பாட்டெல்லாம் ஃபிளாக் கோப்புகளாக ஹார்ட் டிஸ்கில் இருக்கும். கேட்கும் நேரத்தைவிட, பாடகர் பெயர், படம், வருஷம் என்று கோப்புகளைத் திருத்தும் நேரம் அதிகம். ஐந்தாமவர் ஹெட்போன் இளைஞர். ஸ்பீக்கர் வைத்தால் ஹவுஸ் ஓனர் மாடியேறி வருவார் என்பதால் வாடகை அறைகளில் தோன்றிய கிளை இது.

ஐந்து வகையாருக்கும் பொதுவானது சோதனைப் பாட்டு. உலகம் முழுவதும் இவ்வினத்தார் போட்டுக் கேட்பது ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிபோர்னியா’, அதிலும் 1994-இல் மேடையில் வாசித்துப் பதிந்த வடிவம். அதன் தொடக்கத்தில் வரும் தாளக்கட்டு ஸ்பீக்கரின் பேஸைப் பரிசோதிக்க ஏற்றது. தமிழ் வீடுகளில் இதற்கென்று தனிப் பட்டியல் உண்டு: ஸ்டீரியோ பிரிவு காட்ட ‘ப்ரியா’ (1978), வயலின்கள் காட்ட இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), சுத்தம் காட்ட ‘ரோஜா’ (1992). எந்தப் பாட்டும் முதல் சரணத்தை எட்டுவதில்லை. தொடக்க இசை முடிந்ததும் “இப்ப ஒயரை மாத்திட்டுக் கேளுங்க” என்று மறுபடி முதலிலிருந்து போடுவார். இருபது வருஷமாகக் கேட்டு வரும் பாட்டில் இரண்டாவது சரணம் இருப்பது சிலருக்குத் தெரியாது.

இவர்கள் கூடுவது ஞாயிற்றுக்கிழமை காலை, யாராவது ஒருவர் வீட்டில். ஸ்டீரியோவின் இலக்கணப்படி இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். முக்கோணத்தின் மூன்றாவது முனை ஒன்றுதான். ஆகவே நாற்காலியும் ஒன்றுதான். வந்த ஐவரில் ஒருவர் கேட்க, நால்வர் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர் கைக்கு டிபன் தட்டு வந்து சேர்கிறது. ஒலியைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுப் பேச்சாக மாறுவதற்கு அடிப்படைக் காரணம் இந்த முக்கோணமே.

நாற்காலியில் இருப்பவருக்கும் சுகமில்லை. மின்விசிறி இரைச்சலில் நுணுக்கம் அமுங்கிவிடும் என்று விசிறியை நிறுத்தியிருப்பார்கள். ஏசிக்கும் அதே கதி. சித்திரை வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, வியர்வை வழிய, “எவ்வளவு கூலா இருக்கு மிட் ரேஞ்ச்” என்று அவர் சொல்ல வேண்டும். பேஸும் அவரை ஏமாற்றும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பத்தடி இருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் நிலையலை எழும். அந்தச் சுருதி சுவரோரம் கொழுத்தும் அறை நடுவே மெலிந்தும் கேட்கும். நாற்காலி போட்டிருப்பது நடுவில். அதனால் லட்ச ரூபாய் பேஸின் முழுப்பலனும் சுவரில் சாய்ந்து வடை தின்பவருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்க முயலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போய்ச் சேர்கிறது.

சமையலறையோடு இவர்களுக்கு உள்ள உறவு சிக்கலானது. வந்தவர்களுக்கு இட்லி உண்டு. இட்லிக்குச் சட்னி வேண்டும். சட்னிக்கு மிக்ஸி ஓட வேண்டும். மிக்ஸி ஓடினால் பாட்டு நிற்கும், பாட்டு ஓடினால் சட்னி நிற்கும். வீணைத் தானத்தின் உச்சத்தில் குக்கர் விசில் அடித்தால் எல்லாரும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் பார்வையில் கோபம் இருக்கும். அடுத்த மூச்சில் பொங்கல் வாசனை வந்ததும் அது போய்விடும்.

கேட்டதைச் சொல்லும்போது இவர்களுக்கு நாக்குதான் துணை. உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

“சார், பேஸ் எப்படி?”

“களி மாதிரி இருக்கு. அல்வா மாதிரி இருக்கணும். நழுவணும், ஆனா உருவம் விடக் கூடாது.”

“டிரெபிள்?”

“முறுக்கு நல்ல முறுக்கு. ஒரு ஈடு முன்னாடி எடுத்திருக்கலாம்.”

“வாய்ஸ்?”

“வெண்ணெய். அதுல குறை சொல்ல முடியாது சார்.”

இதைப் பிதற்றல் என்று தள்ளிவிட முடியாது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் செய்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. சிப்ஸ் கடிப்பவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஓசையையே ஹெட்போனில் போட்டுக் காட்டினார்கள். அதில் உயர் அதிர்வெண்களைக் கூட்டியபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாக இருப்பதாகத் தின்றவர்கள் சொன்னார்கள். இதற்கு 2008-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. டிரெபிளும் முறுக்கும் உறவு என்பதை ஆடியோ ஆசாமி ஆய்வில்லாமலே அறிந்திருந்தார். ஒரு திருத்தம் மட்டும் தேவை: முறுக்கைக் கடித்துக்கொண்டே டிரெபிளை எடைபோட முடியாது. கடிக்கும் ஓசை எலும்பு வழியாக உள்காதுக்கு நேரே போய், ஜால்ரா சத்தத்தை அமுக்கிவிடும்.

காபியில் இவர் குணம் முழுமையாக வெளிப்படுகிறது. பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, அதில் நூற்றுக்கு இருபது சிக்கரி, பித்தளை ஃபில்டர், முதல் டிகாக்ஷன், தண்ணீர் படாத பால் என்று விதிகள் உண்டு. சிக்கரி காபியே அல்ல, ஒரு கிழங்குவேர் வறுவல் என்பது இவருக்குத் தெரியும். ஆனாலும் “அது இல்லேன்னா காபிக்குக் கெட்டி ஏது?” என்பார். இதே மனிதர் ஆம்ப்ளிஃபயரில் நூற்றில் ஒரு பங்கு சதவீத டிஸ்டார்ஷனையும் பொறுக்க மாட்டார். அதற்கு விதிவிலக்கு வால்வ் ஆம்ப்ளிஃபயர். கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரியும் அந்தப் பெட்டி, நல்ல டிரான்சிஸ்டர் பெட்டியைவிடப் பல மடங்கு டிஸ்டார்ஷன் தருவது. ஆனால் அது கூட்டுவதில் பெரும்பகுதி இரண்டாம் ஹார்மானிக், அதாவது மூலச் சுருதிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கும் சுருதி. ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்ந்தால் காது சண்டை போடாது. குரல் கொஞ்சம் கெட்டியானதாகத்தான் தோன்றும். வால்வ் செய்வது சிக்கரி வேலை. அதை இவர் “கலப்படமில்லாத ஒலி” என்று அழைக்கிறார்.

இவர் தேடும் ‘ஒரிஜினல்’ எது என்பதும் தெளிவில்லை. பழைய படப்பாடல்கள் தியேட்டர் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கருக்காகவும் மீடியம்வேவ் ரேடியோவுக்காகவும் பதிவானவை. உச்ச அதிர்வெண்கள் அவற்றில் அதிகம் கிடையாது. மனிதக் காதின் எல்லை நல்ல இளமையிலேயே 20 கிலோஹெர்ட்ஸ். ‘ஹை-ரெஸ்’ முத்திரை பெற ஒரு ஸ்பீக்கர் 40 கிலோஹெர்ட்ஸ் வரை போக வேண்டும். வௌவாலுக்கு உதவக்கூடிய அந்த ஸ்பீக்கரை வாங்கி, அதில் இவர் கேட்பது அறுபதுகளின் பி.சுசீலாவை.

ஒயர் தனி அத்தியாயம். நெய்வேலியிலோ மேட்டூரிலோ பிறந்த மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலுமினியக் கம்பியில் வந்து, தெரு டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, சுவருக்குள் எலக்ட்ரீஷியன் இழுத்த ஒயரில் ஓடி, பிளக் பாயின்டை அடைகிறது. அதற்குப் பிந்திய ஒன்றரை மீட்டருக்கு மட்டும் வெள்ளி பூசிய ஒயர் போடுவார். “கடைசி மீட்டர்தான் சார் முக்கியம்.” கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும், விலை தெரிந்து கேட்டால். ஒலி ஒரு டெசிபெலுக்கும் குறைவாகக் கூடினால் காது அதைச் சத்தம் கூடியதாக உணர்வதில்லை, தரம் கூடியதாகவே உணர்கிறது. விற்பனையாளர்கள் அறிந்த ரகசியம் இது. இரண்டு ஒயர்களின் ஒலியையும் ஒரே அளவில் வைத்து, எது எதென்று சொல்லாமல் கேட்க வைத்தால் பலர் தடுமாறுவார்கள். அமெரிக்காவில் மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இப்படிப்பட்டது. உயர்தர டிஸ்குகளின் ஒலியை அப்படியேயும், சி.டி.யின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை வந்தது. காசைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். இதை ஆடியோ ஆசாமியிடம் சொன்னால் ஒரே கேள்வி கேட்பார்: “அவங்க எந்த ஒயர் போட்டாங்க?”

சாப்பாட்டுச் சண்டைகளும் இதே தினுசில் தொடங்கும். திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர், ஆம்ப்ளிஃபயருக்குச் சுத்தமான கரண்ட் என்று ஒருவர் தத்துவம் பேசுவார். 1948 முதல் திருவல்லிக்கேணியில் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லியை சாம்பாரில் மூழ்கடிப்பது சரியா, மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸில் கெட்டிச் சட்னியோடு இட்லியைத் தனித்து அறிவது சரியா என்பது இன்னொரு வழக்கு. ஆனால் முடிவு வேறு. அல்வா வழக்கில் “எனக்கு அதுதான் பிடிக்கும்” என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் “சரி, நமக்கு இது” என்பார். இரண்டு பொட்டலமும் பிரியும். ஒலி வழக்கில் இந்த வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டால் செலவுக்கு நியாயம் போதாது. உண்மை என்று நிறுவியாக வேண்டும். நாக்குக்கு உள்ள சுதந்திரத்தைக் காதுக்குக் கொடுக்காததால்தான் இந்தப் பொழுதுபோக்கில் இவ்வளவு வாக்குவாதம்.

மார்கழியில் ஊரே கச்சேரிக்குப் போகும்போது இவரும் போவார். மேடையில் நேரில் பாடுவதே எல்லாவற்றுக்கும் ஒரிஜினல் என்று வருஷம் முழுக்கச் சொன்னவர், பத்து நிமிடத்தில் “மிருதங்க மைக் ஓவர், தம்பூரா காணோம், பாக்ஸ் வெச்ச இடமே தப்பு” என்று எழுந்துவிடுவார். எழுந்தவர் வீட்டுக்குப் போவதில்லை. சபா கேன்டீனுக்குப் போகிறார். அங்கே கீரை வடைக்கும் அடை அவியலுக்கும் நடுவில், போன சீசனில் இதே சபாவில் சவுண்ட் எவ்வளவு நன்றாக இருந்தது என்று விளக்குவார். போன சீசனிலும் அவர் கேன்டீனில்தான் இருந்தார்.

குடும்பம் இவரைச் சகித்துக்கொள்ளப் பழகிய ஒன்று. புதுப் பெட்டி ஆபீஸ் முகவரிக்கு வந்து, இரவில் வீட்டுக்குள் நுழையும். “நண்பரோடது, சும்மா கேட்டுப் பாக்கக் குடுத்திருக்கார்” என்பது அதற்குரிய வாசகம். மனைவி நம்பியதாகக் காட்டிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து, “அந்த நண்பருக்கு ஒரு வாய் சாப்பாடு போடணுமே, கூப்பிடுங்க” என்பார். ஆள்உயர ஸ்பீக்கரின் தலையில் நவராத்திரியில் மரப்பாச்சி ஏறும், மற்ற நாளில் பூச்சாடி. ஸ்பீக்கரின் நடுவில் உள்ள குமிழைக் குழந்தைகள் உள்ளே அழுத்திவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பது; செல்லோடேப் ஒட்டி வெளியே இழுப்பதே வைத்தியம். மகளும் மகனும் ப்ளூடூத்தில் பாட்டு கேட்டுக்கொண்டு, இரண்டு சரணமும் மனப்பாடமாகப் பாடுகிறார்கள்.

வயதான பின் இவர் நிலை விசித்திரமானது. வீட்டுக் கடன் அடைந்து, பிள்ளைகள் வேலைக்குப் போய், கையில் நாலு காசு சேர்ந்து, ஆசைப்பட்ட ஸ்பீக்கரை வாங்கும்போது அறுபது ஆகியிருக்கும். உயர் அதிர்வெண்கள் முதலில் விடைபெறுவது மனிதக் காதின் இயல்பு. அறுபதில் பலருக்கு 12 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஒன்றும் எட்டாது. டிரெபிள் கேட்கக் காது இல்லை. அல்வா சாப்பிட அனுமதி இல்லை, சர்க்கரை ஏறியிருக்கிறது. முறுக்குக்குப் பல் இல்லை. ஒலியையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசக் கூடாதென்று மட்டும் எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வழக்கம்போல் நடக்கிறது.