சமாளிக்கப்படுகிறவர்

மேடை ஏறிய பெண் அதிகாரி யாராக இருந்தாலும் இறங்குவதற்குள் கேட்டுவிடுகிற அந்தக் கேள்வியைப் போன வாரம் மகளிர் தின விழாவிலும் கேட்டார்கள். "மேடம், வேலையையும் குடும்பத்தையும் எப்படி மேனேஜ் பண்றீங்க?" மைக் பிடித்திருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். உலகத்தில் யாருக்கும் தோன்றாத கேள்வி தனக்குத் தோன்றிவிட்ட மாதிரி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டம் கைதட்டியது. ஃபேனுக்கு நேர் கீழே என்று நம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஏமாந்திருந்த காட்டேரிக்குப்பத்து வாத்தியார் மட்டும் தட்டவில்லை. அந்தக் கேள்வியில் 'குடும்பம்' என்று ஒன்று வருகிறதே, அது அவர்தான். மேனேஜ் செய்யப்படுகிற சாமான். எடை 82 கிலோ. சர்க்கரையும் பிரஷரும் தனி.

மேடையில் இருந்த வாத்தியாரின் மனைவி, பெண்கள் விடுதி வார்டனம்மா, அதற்கு ஒரு பதில் சொன்னார். அது என்ன பதில் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன்னால் சால்வை விவகாரத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாத்தியாரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான் என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது. 'நான்' என்று எழுதிப் புலம்பினால் வீட்டில் சோறு கிடைப்பது சந்தேகம்.

பதில் முடிந்து கைதட்டல் அடங்கியதும், "மேடத்தின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் சார் மேடைக்கு வரவும்" என்றார்கள். வாத்தியார் நின்றுகொண்டிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் போனார். ஒரு மெரூன் நிறப் பாலியஸ்டர் சால்வையை மார்ச் மாத வெயிலில் போர்த்தினார்கள். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஓய்வு பெற்ற நாளில் ஒரே ஒரு சால்வை விழுந்தது. பெண்டாட்டியை வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லாமல் இருந்ததற்கு இப்போது ஒன்று. பக்கத்து வீட்டில் திருடாமல் இருந்ததற்கு விருது கொடுக்கும் காலமும் வரும்.

அந்தச் சால்வையை வாங்கியது யார் என்பது இரவுதான் தெரிந்தது. வார்டனம்மாவே. விழாவுக்கு ஹால் எடுத்தது, சமோசா சொன்னது, பேனரில் எழுத்துப்பிழை பார்த்தது, தனக்குப் போர்த்த வேண்டிய சால்வையை பட்ஜெட்டுக்குள் வாங்கியது எல்லாம் அவர்தான். கடைக்காரர் ஒரு டஜனாக எடுத்தால் விலை குறையும் என்றாராம். மிச்சமிருந்ததில் ஒன்று வாத்தியார் தோளுக்கு வந்திருக்கிறது. விழா முடிந்ததும் இடமும் நேரமும் பதிகிற ஜியோடேக் செயலியில் படம் எடுத்துக்கொண்டதும் அவர்தான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வந்தால் பாலினச் சமத்துவத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கும். இதோ சால்வை போட்டோம் என்று காட்டலாம்.

எந்தத் தகுதியில் அந்தச் சால்வை என்று வாத்தியார் கணக்குப் பார்த்தார். மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதில் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. அதுவும் வீட்டு வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களின் சராசரி. துடைப்பத்தை டிவியில் மட்டும் பார்த்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 2019-ல் இது 299, 97 என்று இருந்தது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததற்கு வாஷிங் மெஷின், மிக்சி என்று ஏதாவது காரணம் சொல்லலாம். ஆணுக்கு ஒன்பது நிமிடம் எங்கே குறைந்தது? அடிப்பிடித்த பானையில் இன்னும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். வாத்தியார் தன் கணக்கையும் போட்டார். பால் வாங்குவது, பேப்பரை மடிப்பது, "சர்க்கரை டப்பா எங்கே?" என்று கேட்பது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் வந்தது. கேட்கிற நேரத்தை எடுத்துவிட்டால் இருபத்தைந்து.

இனி குடியிருப்பு விவகாரம்.

பல்கலைக்கழக மானியக் குழு ராகிங்கைத் தடுக்க 2009-ல் போட்ட ஒழுங்குமுறையில் வார்டனுக்கு என்று ஒரு பகுதி உண்டு. முழுநேர வார்டன் இருக்க வேண்டும். அவர் விடுதியிலேயோ, போனால் போகிறதென்று ரொம்பப் பக்கத்திலோ குடியிருக்க வேண்டும். எந்நேரமும் அணுகக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்கென்று நிறுவனமே ஒரு செல்போன் கொடுத்து, அந்த எண்ணை ஊரறியச் செய்ய வேண்டும். ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் ஒரு மனுஷி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அரசிதழில் எழுதிவைத்துவிட்டு, மார்ச் எட்டாம் தேதி அவரை மேடையேற்றி சமநிலை எப்படி என்று கேட்கிறார்கள். 'முழுநேரம்' என்ற சொல்லுக்கு நடைமுறையில் 'கூடுதல் பொறுப்பு' என்று பொருள். வார்டனம்மா அடிப்படையில் தாவரவியல் ஆசிரியை. வாரம் 16 மணி நேரம் வகுப்பு. அது போக மிச்சம் இருக்கிற நேரமெல்லாம் முழுநேரம்.

காட்டேரிக்குப்பம் எந்தக் கணக்கிலும் 'ரொம்பப் பக்கம்' ஆகாது. புதுச்சேரியில் சேதராப்பட்டைத் தாண்டி, கரும்புக் கொல்லைக்கு நடுவில், மூடிக் கிடக்கிற லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். ஊர்ப் பெயர் காட்டு ஏரியிலிருந்து வந்தது என்று வாத்தியார் அடித்துச் சொல்வார். விடுதிப் பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. எல்லா விடுதியிலும் வார்டனுக்குப் பிள்ளைகள் வைக்கிற செல்லப்பெயர் ஒன்று உண்டு. மற்ற வார்டன்களுக்கு அது பட்டம், இவருக்கு முகவரி. ஆக, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தாயிற்று.

குவார்ட்டர்ஸ் இருப்பது பெண்கள் விடுதி வளாகத்துக்குள். வளாகத்துக்கு ஒரே கேட். கேட்டில் செக்யூரிட்டி அக்கா. அக்காவிடம் ஒரு நீள நோட்டு. ஆண்பிள்ளை எவன் உள்ளே போனாலும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். தேதி, பெயர், ஊர், யாரைப் பார்க்க, உறவு, காரணம், உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம், கையெழுத்து. முதல் நாள் வாத்தியார் காரணம் என்ற இடத்தில் 'குடியிருக்கிறேன்' என்று எழுதினார். "அப்படி ஒரு காரணம் கிடையாது சார். விசிட்டர்னா வந்துட்டுப் போறவங்க" என்று அக்கா அடித்துவிட்டார். அன்றிலிருந்து நாளுக்கு மூன்று நான்கு முறை காரணம் யோசிப்பது வாத்தியாரின் தொழிலாகிவிட்டது. காலையில் 'பால்'. மத்தியானம் 'சாப்பாடு'. அதற்குப் பிறகு 'தூக்கம்'. கல்யாண நாளன்று 'கல்யாண நாள்' என்று எழுதினார். அக்கா அதைப் படித்துவிட்டு, "எத்தனை மணிக்கு வெளிய வருவீங்க?" என்றார். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பிய ஒரு சாயங்காலம் என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றார். கடைசியில் 'வேறு வழியில்லை' என்று எழுதினார். அக்கா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதினால் ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஆதார் கார்டில் காட்டேரிக்குப்பம் முகவரி இருக்கிறது, வார்டனம்மாவுடையதிலும் அதுதான் இருக்கிறது. இருந்தாலும் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் அதிகாரம் அக்காவுக்கு இல்லையாம். அதற்காக ஒரு பாஸ் கொடுத்தார்கள். மூன்று மாதம் செல்லும். கீழே வார்டன் கையெழுத்து. ஆக, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மனைவி கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற கல்யாணம் இது. நடத்தை சரியில்லை என்றால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம் என்பதை வார்டனம்மா இதுவரை இரண்டு முறை ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

பிறகு தணிக்கை வந்தது. நோட்டைப் புரட்டிய தணிக்கையாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார்: ஒரு ஆண் விசிட்டர் தினமும் இரவு உள்ளே போகிறார், 'வெளியேறிய நேரம்' காலியாக இருக்கிறது. விளக்கம் கேட்டு வார்டனுக்குக் குறிப்பு வந்தது. வார்டன் அதைச் சட்டப்படி சம்பந்தப்பட்ட விசிட்டருக்கு அனுப்பினார். அனுப்பினார் என்றால், சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வாத்தியார் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதி, 'பெறுநர்: உயர்திரு வார்டன் அவர்கள்' என்று போட்டு, ரசத்தின் அந்தப் பக்கம் நகர்த்தினார். 'பெறப்பட்டது' என்று ஒப்பமிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இந்த நோட்டைப் பற்றி இன்னும் எழுதலாம். பேனாவைக் கட்டியிருக்கிற நூலின் நீளம் ஒன்றே ஒரு பக்கம் வரும். ஆனால் கட்டுரை வேறு விஷயத்தைப் பற்றியது.

வேலையும் வீடும் என்ற இந்த வழக்கை முதலில் யார் எப்படித் தீர்த்தார்கள் என்று வாத்தியார் படித்துப் பார்த்தார். அமெரிக்காவில் ஆலிஸ் ஃப்ரீமன் என்று ஒருவர். வெல்லஸ்லி மகளிர் கல்லூரியின் தலைவராக இருந்தவர், 1887-ல் ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஜார்ஜ் பாமரைக் கட்டிக்கொண்டதும் பதவியை விட்டார். 1892-ல் புதிதாகத் திறந்த சிகாகோ பல்கலைக்கழகம் மாணவிகளுக்கான டீனாக அவரைக் கூப்பிட்டது. புருஷன் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டார். வருஷத்தில் பன்னிரண்டு வாரம்தான் சிகாகோவில் இருப்பேன், மிச்ச நாளுக்குத் துணையாக மேரியன் டால்பட் வேண்டும் என்று பேசி வேலையை ஏற்றுக்கொண்டார் ஆலிஸ். ரயிலில் போய் வந்து மூன்று வருஷம் நடத்தினார். அவர் இறந்த பிறகு, 1908-ல், அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியவர் யார் என்றால் ஊரைவிட்டு நகராத அதே பாமர். மனைவி வேலைக்குப் போன கதையைப் புருஷன் உட்கார்ந்து எழுதுகிற சம்பிரதாயத்தில் வாத்தியாருக்கு அவர் முன்னோடி.

நம் பக்கம் நடந்தது வேறு. சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி. விளையாடுகிற வயதில் கல்யாணம், உடனே கைம்மை. 1911-ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்பார்கள். அடுத்த வருஷமே எழும்பூரில் நாலு விதவைச் சிறுமிகளோடு ஒரு இல்லம் தொடங்கினார். அது வளர்ந்து மெரினாக் கரையில் பழைய ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம். கூட நின்றவர் இன்னொரு விதவையான சித்தி வாலாம்பாள். சுப்பலட்சுமியிடம் வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தராசின் ஒரு தட்டை ஊரே முன்கூட்டிப் பிடுங்கி வைத்துக்கொண்டதே. இதை எழுதும்போது வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. நகைச்சுவைக் கட்டுரை என்றுதான் எழுத உட்கார்ந்தார், இருந்தாலும் வரவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வேறு வழி பிடித்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டார். 1930 வாக்கில் விடுதிகள் இடம் தர மறுத்த தேவதாசிக் குலத்துப் பெண்பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம் ஆயிற்று. வீட்டுக்குள் விடுதி வந்த அந்தச் சமயத்தில் சுந்தர ரெட்டி எந்த நோட்டில் கையெழுத்துப் போட்டார் என்று வாத்தியார் யோசிப்பதுண்டு. சால்வை போர்த்துவதற்கு அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

சலுகைகள் இல்லை என்று சொன்னால் பாவம். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 730 நாள் 2008-லேயே வந்துவிட்டது. புதுச்சேரியில் மத்திய அரசு விதிதான். உரிமையாகக் கேட்க முடியாது என்றும் அதே விதியில் இருக்கிறது. மகளின் பிளஸ் டூ பரீட்சைக்கு வார்டனம்மா பதினைந்து நாள் எடுத்தார். செல்போனுக்கு விடுப்பு கிடையாது என்பதால் அது கூடவே வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தகப்பனார் கூப்பிட்டு, "எம் பொண்ணு சாப்ட்டாளாம்மா?" என்றார். வார்டனம்மா விசாரித்துச் சொன்னார். தங்கள் மகள் சாப்பிட்டாளா என்று அப்போதுதான் வார்டனம்மாவுக்கும் வாத்தியாருக்கும் ஞாபகம் வந்தது. போய்ப் பார்த்தால் அவள் பிரெட் தின்றுவிட்டுப் படுத்திருந்தாள்.

உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021–22-ன்படி நாட்டில் சுமார் 16 லட்சம் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள். அதில் பெண்கள் நூற்றுக்கு 43. விடுதி, மாணவர் குறைதீர்ப்பு, கோலப் போட்டி என்று வந்தால் மட்டும் அந்த 43 எப்படியோ நூறாகிவிடுகிறது. அன்றைக்கு மேடையில் ஆண் அதிகாரிகளும் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டை எப்படி மேனேஜ் பண்றீங்க என்று ஒருத்தரையாவது கேட்டிருக்கலாம். "வீட்ல பாத்துக்கறாங்க" என்றிருப்பார்கள். அந்த வீட்டில் இருப்பவரும் எங்கேயோ ஒரு மேடையில் அதே மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

சரி, வார்டனம்மா சொன்ன பதில். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்வி விழுந்ததுமே அவருடைய போன் அடித்தது. மேடையில் எடுக்க முடியாது என்று வாத்தியாரிடம் கொடுத்து வைத்திருந்தார். இரண்டாவது மாடியில் தண்ணீர் வரவில்லை. வாத்தியார் ஹாலுக்கு வெளியே போய், மோட்டார் போடுகிறவரைத் தேடிப் பிடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சால்வைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நல்ல பதில் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். என்ன பதில் என்று கேட்டால், "ரொம்ப நல்லா சொன்னாங்க சார்" என்பதற்கு மேல் அவருக்கு ஞாபகமில்லை.

இன்றைக்காவது கேட்டுவிடலாம் என்றுதான் வாத்தியார் காட்டேரிக்குப்பத்தில் கொல்லை வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினார். பத்துக்கண்ணில் பஸ்ஸைத் தவறவிட்டார். கேட்டுக்கு வந்தபோது மணி 9.10. ஒன்பதுக்குப் பூட்டு. தாமதமாக வருகிறவர்கள் வார்டன் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போகலாம். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சார், நீங்களும் லேட்டா?" என்று நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி கடலை மிட்டாய் கொடுத்தாள். சர்க்கரையை மறந்து வாங்கிக்கொண்டார். அக்கா வார்டனுக்குப் போன் போட்டார். பிஸி. மறுபடி போட்டார். பிஸி. "மாடியில தண்ணி வரலையாம் சார்" என்றாள் இன்னொருத்தி.

அக்கா நோட்டை நீட்டினார். தேதியில் தொடங்கி உறவு வரைக்கும் வாத்தியார் எழுதிவிட்டார். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.