தூக்கிப் போடு, பேராண்டி!

வாடா பேராண்டி. வூடு கட்டி முடிச்சிட்டியாமே. மெட்ராஸ்லேருந்து வந்த டிசைனர் உங்க தாத்தா காலத்துத் தேக்கு பெஞ்சியப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாராம். சரியாத்தான் சுளிச்சிருக்காரு. தூக்கிப் போடு. தூக்கிப் போட்டாத்தான் அதுக்கு வெலையே வரும்.

சண்டிகர் கதை தெரியுமா? 1950கள்ல அந்த ஊருக்குத் திட்டம் போட்ட கார்புசியேயோட பங்காளி பியர் ஜானரே, அங்க கவர்மென்ட் ஆபீசுக்கெல்லாம் தேக்குல சட்டம் போட்டு, பிரம்பு பின்னி நாற்காலி செஞ்சி குடுத்தாரு. கொஞ்ச வருசத்துல பிரம்பு பிஞ்சிது. ஆபீசருங்க மொட்டை மாடியில வெயிலுக்கும் மழைக்கும் போட்டுட்டு, கடைசியில கழிச்ச சாமான்னு ஏலம் விட்டாங்க. வெளிநாட்டு யாவாரி அள்ளிக்கிட்டுப் போயி, பாலீஷ் போட்டு, லண்டன் ஏலத்துல லட்சக்கணக்குக்கு வித்தான். இனிமே விக்கக் கூடாதுன்னு டெல்லியிலேருந்து உத்தரவு வந்தது 2011ல. கண் கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்!

காரைக்குடிப் பக்கம் மட்டும் என்னவாம்? பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு கப்பல்ல எறக்கிச் செட்டியாருங்க வூடு கட்டினாங்க. 1942ல ஜப்பான்காரன் ரங்கூனப் புடிச்சான். பர்மாவுல அவங்க சேத்து வெச்ச சொத்து கையவிட்டுப் போச்சி. பேரப்புள்ளைங்க பாகம் பிரிக்க முடியாம தூணையே பிரிச்சாங்க. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைங்கள்ல அப்படிப் பிரிச்ச தூணு, கதவு, பெட்டி எல்லாம் வெலைக்கு நிக்கிது. உன் டிசைனரு 'ஆன்டிக்'னு எழுதின சீட்டுல அதுவும் இருக்குமே, பாத்தியா?

ஹாலுல மாட்ட பீங்கான் தட்டு இத்தாலியிலேருந்து வரணுமாமே. வரட்டும். விருத்தாசலத்துல சூளை இருக்கு, பீங்கான் வேலை சொல்லித்தர பாலிடெக்னிக்கே இருக்கு. மங்கலம்பேட்டையில பஸ் ஏறினா அரை மணிக்குள்ள போயிடலாம். அவ்ளோ கிட்டக்க கெடைக்கிறது அழகா இருக்குமாடா?

படுக்குற ரூம்புல ஒண்ணுமே வெக்கக் கூடாதுன்னும் சொன்னாராம். அது சரி. ஒண்ணும் வெக்காததுக்கு எவ்ளோ ஃபீசு? எங்க காலத்துல ஒரு கோரைப் பாய், துணி போட ஒரு கொடிக்கயிறு, அவ்ளோதான் ரூம்பு. எவனும் பில்லு குடுக்கல.

அந்தப் பெஞ்சிய எங்க போடுறதுன்னு ரோசனையா? என் திண்ணையில போட்டுட்டுப் போ. எடத்துக்கு வாடகை கேக்க மாட்டேன், நம்ம வூட்டுப் புள்ளை.

ஆனா மாடியில அடுக்கி வெச்சிருக்கியே பிளாஸ்டிக் நாற்காலி, அதுல மட்டும் கை வெக்காத. 2017ல ஜெர்மனியில விட்ரா மியூசியத்துல அந்த நாற்காலிக்கின்னே தனிக் கண்காட்சி வெச்சாங்க. இது பந்தல்காரன் காதுக்குப் போயிடப் போவுது, வாடகைய ஏத்திடுவான். வர்ற தையில உன் தங்கச்சி கல்யாணம் இருக்கு.