முக்கால் மில்லிமீட்டர் யுத்தம்

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் இரண்டு கட்சிகள் உண்டு. குடியரசு, ஜனநாயகம் அல்ல; .30-06 கட்சி, .270 கட்சி. முன்னது 1906-இல் ராணுவத்துக்காகப் பிறந்த தோட்டா. பின்னது, 1925-இல் வின்செஸ்டர் நிறுவனம் அதே குடும்பக் கூட்டின் கழுத்தை நெருக்கிக் கொண்டுவந்தது. பங்காளிகள்தான். குண்டின் விட்டத்தில் வித்தியாசம் 0.8 மில்லிமீட்டருக்கும் குறைவு. பங்காளிச் சண்டைக்கு இது போதாதா?

வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் பத்திரிகையில் பல்லாண்டு காலம் .270-க்குத் துதி பாடினார். கனத்த பெரிய குண்டுதான் குண்டு என்று இன்னொரு எழுத்தாளர் எல்மர் கீத் எதிர்ப்பாட்டுப் பாடினார். இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். வழக்கு மட்டும் வாய்தாவில் ஓடுகிறது.

நடுவில் 1957-இல் ரெமிங்டன் .280-ஐ நுழைத்தது. .270-ஐவிட 0.18 மில்லிமீட்டர் பருமன். விற்பனை மந்தம். 1979-இல் '7 எம்.எம். எக்ஸ்பிரஸ்' என்று பெயர் மாற்றினார்கள். கடையில் ஏற்கெனவே '7 எம்.எம். மேக்னம்' இருந்ததால் குழப்பம்தான் மிச்சம். பழைய பெயரே திரும்பியது. நியூமராலஜி அங்கும் கைகொடுக்கவில்லை.

130 கிரெயின் எடையுள்ள .270 குண்டு நொடிக்குச் சுமார் 930 மீட்டர் வேகத்தில் கிளம்பும், 150 கிரெயின் .30-06 சுமார் 890. வழக்கமான வேட்டைத் தூரத்தில், நெஞ்சில் பட்டால் மான் இரண்டுக்கும் விழும். வயிற்றில் பட்டால் இரண்டுக்கும் ஓடும். புதுத் துப்பாக்கிக்குக் கொடுக்கும் காசில் தோட்டா வாங்கிக் குறி பழகுவதே மேல். என்ன, அதில் சண்டை போட விஷயம் இருக்காது.